பட்டனுக்குப் போகும் ஒயர்

ஜூன் 19, 2011, ஞாயிறு

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். விளக்கும் எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். விரலை எடுக்காமல் பத்து எண்ணும் வரை அழுத்தினேன். கோபம் வந்து பெட்டியின் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். கல்லைப் போல் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு வெங் தோஹாவிலிருந்து வருவாள். வாரம் ஒரு நாள் திரையில் மகள் முகத்தைப் பார்ப்பது, அது ஒன்றுதான் இந்த வீட்டில் மிச்சம் இருந்த கொண்டாட்டம். ஸ்டெபிலைசரில் மேஜை விசிறியைச் சொருகிப் பார்த்தேன், ஓடியது. ஆக, கரண்ட் இருக்கிறது. பெட்டிக்குப் போகும் ஒயரை மாற்றிப் பார்த்தேன். பலன் இல்லை.

வீட்டுக்காரர் அந்தோய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வந்து பாரேன் என்று கூப்பிட்டேன். "அது... அது..." என்றார். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பசிக்கும் அது, மழைக்கும் அது, எனக்கும் அது. எழுந்து வரவில்லை.

வெங் போனில் பேசினாள். போனை அவர் காதில் வைத்தேன். அவள் ஏதேதோ சொன்னாள், அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, புதன்

வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். பள்ளி திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, தொண்டை கட்டிவிட்டது.

பெட்டி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு அது மனதை அரிக்கிறது. கடையில் வாங்கிய பெட்டியாக இருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது அந்தோய் பதினாலு மாதம் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. கில்மோர் தெருக் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு சனிக்கிழமை மதர்போர்டு, அடுத்த சம்பளத்தில் ரேம், பழைய இரும்புக்கடையிலிருந்து கேபினெட். முதல் தடவை அது 'பீப்' என்றபோது என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் அப்போது எழுபத்தெட்டு கிலோ.

இந்தத் தெருவில் அவர் கைபடாத சாமான் கிடையாது. யார் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் அட்டைப்பெட்டி வந்தாலும், உள்ளே இருக்கும் மின்சாரச் சாமானை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கி வருவார்கள். அங்கே நூற்றுப் பத்து வோல்ட், இங்கே இருநூற்று இருபது. தெரியாமல் சொருகினால் அவ்வளவுதான். அந்தோய் அடியைத் திருப்பிப் பார்ப்பார், ஒரு துண்டு டேப் ஒட்டி எண்ணை எழுதிக் கொடுப்பார். ஆபத்தானதாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி வரைவார். அடுத்த வீட்டு பாசிங்கின் ரொட்டி சுடும் மெஷினில் அந்தச் சவப்பெட்டி இன்னும் இருக்கிறது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் போன மாதமே சொல்லிவிட்டாள், "டீச்சர், அவருக்குப் பிடிச்ச வேலை எதாவது கையில கொடுங்க. இல்லன்னா இப்படியே உக்காந்துருவாரு." பிடித்த வேலை இந்தப் பெட்டிதான். அது செத்துக் கிடந்தால் நான் எதைக் கொடுப்பேன்?

இது ஓடிவிட்டால் அவரும் எழுந்துவிடுவார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. படித்த பெண் எழுதுகிற பேச்சா இது? இருக்கட்டும்.

ஜூன் 26, ஞாயிறு

வெங் போனில் கடைசியில் ஞாபகம் வந்தவளாக ஒன்று சொன்னாள். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை யாரோ பிள்ளைகள் அப்பாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கண்டபடி தட்டிக்கொண்டிருந்தார்களாம். அதனால்தான் கெட்டிருக்கும் என்கிறாள்.

யாராக இருக்கும்? நான் பள்ளியில் இருக்கும்போது அவரை எட்டிப் பார்க்க வருவது அடுத்த வீட்டு பாசிங். அவள் பின்னாலேயே அவள் பேரப்பிள்ளைகள். நேராகப் போய்க் கத்திவிட்டேன். பாசிங் முகம் சுருங்கிவிட்டது. "எம் பிள்ளைங்க தொடல டீச்சர், தொட்டிருந்தா நானே கைய ஒடிச்சிருப்பேன்" என்றாள். தொடவில்லையென்றால் பிசாசா வந்து தட்டியது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் பொறுமை பள்ளி வாசலோடு தீர்ந்துபோகிறது.

ஜூலை 3, ஞாயிறு

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். நான்கு ஸ்குரூ. இருபத்தாறு வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியதில் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது. ரேமைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திவைப்பார்; பாதி வியாதி அதில் தீர்ந்துவிடும் என்பார். பள்ளிப் பையிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டினேன். மூன்று தடவை தும்மல்.

பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தால் அந்தோய் அறையில் இல்லை. காலை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கோழிக்கூண்டின் முன்னால் நின்றிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே கூட்டிவர அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஜூலை 10, ஞாயிறு

தெருமுனையில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் ருஃபினோவைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அவரும் அந்தோயும் சிநேகிதர்கள். இருபது வருடமாக யார் கெட்டிக்காரன் என்று போட்டி. நான் சொல்லி முடிக்கவில்லை, அந்தோய் எழுந்து வந்து இடது கையைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டுகிறார், ஆட்டுகிறார். கண்ணில் நீர்.

சரி, கூப்பிடவில்லை என்றேன். ரோஷம். பேச்சுப் போயும் கை போயும் அது மட்டும் போகவில்லை பார்.

விசிறியே சுற்றாவிட்டால் பத்துக்கு எட்டு தடவை பவர் சப்ளைதான் கெட்டிருக்கும் என்று அவர் சொல்வார். சாயங்காலம் கலிபோர்னியாவுக்குப் போன் போட்டேன். தங்கை லூஸின் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களை எறிவார்களாம். ஒரு பவர் சப்ளை கிடைத்தால் கிறிஸ்துமஸ் அட்டைப்பெட்டியில் வேண்டாம், அடுத்த பெட்டியிலேயே போட்டு அனுப்பு என்றேன். "மாமாவுக்குன்னா நான் முழு கம்ப்யூட்டரே அனுப்புவேன்க்கா" என்று அழுதாள். அவள் எல்லாவற்றுக்கும் அழுவாள்.

ஜூலை 24, ஞாயிறு

கப்பலில் வருகிறது. காத்திரு என்கிறார்கள். காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, சனி

லூஸின் அட்டைப்பெட்டி வந்தது. தெருவே வாசலில் நின்றது. டின் இறைச்சி, சோப்பு, சாக்லேட், எனக்கு ஒரு செருப்பு (சின்னது), அவருக்கு ஆறு ஜோடி காலுறை. துண்டுகளில் சுற்றி நடுவில் பவர் சப்ளை. பாசிங்குக்கு இரண்டு டின்னும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சிரிக்கவில்லை.

நாளை மாட்டிவிடுவேன். இன்றைக்கு மனசு லேசாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையில் பழைய பவர் சப்ளையைக் கழற்றினேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றையும் வரைந்துகொண்டுதான் பிடுங்கினேன். புதியதை மாட்டினேன். ஒன்றரை மணி நேரம். மாட்டியபோதே அதன் முதுகில் ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச் கண்ணில் பட்டது, பக்கத்தில் எண். பழையதில் அப்படி ஒன்று இல்லை. இதை அவரிடம் கேட்காமல் தொடக்கூடாது என்று பட்டது. மிகுந்த புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை உதறியவரைப் பிடித்து மேஜைக்கு இழுத்து வந்தேன்.

"அந்தோய், இது சரியா இருக்கா? பாத்துச் சொல்லு. சொருகலாமா?"

விரலை ஸ்விட்சின்மேல் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

சொருகினேன். ஸ்டெபிலைசரை ஆன் செய்தேன்.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பெட்டியின் பின்பக்கம் நீலமாக ஒரு பளிச். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அழுகின மீனைச் சுட்டதுபோல் ஒரு நாற்றம், புகை. அந்தோய் தரையில் உட்கார்ந்துவிட்டார், காதைப் பொத்திக்கொண்டு. ஒரு கை, ஒரு காது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது ருஃபினோ. பவர் சப்ளையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அமெரிக்கா கரண்டுக்கு இருக்கற நூத்திப் பதினஞ்சுல வச்சு இருநூத்தி இருபது குடுத்திருக்கீங்க டீச்சர். செத்துது." பிறகு அவரைப் பார்த்து, "என்ன அந்தோய் அண்ணே, தெருவுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டு உங்க வீட்டுக்கு ஒட்ட மறந்துட்டீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அந்தோய் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு, ருஃபினோ பழைய பவர் சப்ளையை எடுத்தார். என்னிடம் ஒரு ஹேர்பின் வாங்கிப் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் அதனால் சேர்த்தார். விசிறி அமைதியாகச் சுற்றியது. "இது நல்லாத்தானே இருக்கு! அப்ப முதல்ல ஏன் ஓடல? கொடுங்க, உள்ள பாக்குறேன்."

அந்தோய் தரையில் நகர்ந்து வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டார். ஒரு சத்தம் போட்டார், மிருகம் மாதிரி. ருஃபினோ எழுந்து, என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, திங்கள்

வகுப்பில் கடைசி வரிசைப் பையனைப் பலகையில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். படிக்கத் தெரியாத பிள்ளை பலகையைப் பார்க்காது. என் முகத்தைப் பார்க்கும். டீச்சர் எதை எதிர்பார்க்கிறாள் என்று முகத்தில் தேடும். பிறகு தலையை ஆட்டும்.

சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது.

முப்பது வருடமாக முதல் வகுப்பு எடுக்கிறேன். எழுத்துத் தெரியாதவர்கள் எப்படி நடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவர் அந்த ஸ்விட்சைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தால் மடித்துவைத்துவிடுகிறார். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. வெங் அனுப்பும் குறுஞ்செய்தியைக் காட்டினால் போனை என் பக்கமே தள்ளுகிறார். கை சரியில்லை, அதனால்தான் என்று இருந்தேனே. எட்டு மாதம்! ஒரே படுக்கையில் படுத்துக்கொண்டு எட்டு மாதமா எனக்குத் தெரியல? பக்கவாதத்துல எழுத்து மட்டுமில்லை, எண்ணும் போயிருக்கு. அந்த மனுஷனைக் கூட்டிட்டுப் போய் எண்ணைக் காட்டி சரியான்னு கேட்டிருக்கேனே நான்.

ஆகஸ்ட் 27, சனி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் ஒரு நோட்டு வைத்திருப்பார், ஒயர்கள் எங்கே போகின்றன என்று படம் போட்டு. எங்கள் பெட்டியின் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, பழைய பவர் சப்ளையை மாட்டினேன். எல்லாம் படத்தில் உள்ளபடி. அழுத்தினேன். ஓடவில்லை.

படத்தில் போர்டின் கீழ்மூலையில் இரண்டு புள்ளிகள்: 'பட்டன்'. போர்டில் அந்த இடத்தைப் பார்த்தேன். இரண்டு ஊசிகள் மொட்டையாக நின்றன.

பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் கேபினெட்டின் ஓரத்தில் இருந்தது. தானாக நழுவி விழவில்லை. மூன்றாக மடித்து, ரொட்டிப் பொட்டலம் கட்டும் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அந்தோய் உபயோகமில்லாத ஒயர்களை அப்படித்தான் கட்டுவார். கம்பியின் நுனியில் பல் பதிந்திருந்தது. ஒற்றைக் கைக்காரர் வேறு எப்படி முறுக்குவார்?

கம்பியை அவிழ்த்து ஒயரை அதன் இடத்தில் சொருகினேன். அழுத்தினேன். 'பீப்'. விசிறி சுற்றியது. திரை வெளிச்சமானது. வெடித்ததில் ஒன்றுமே கெடவில்லை. ஆரம்பத்திலும் ஒன்றும் கெட்டிருக்கவில்லை.

நான் சந்தோஷப்படவில்லை.

அவரும் வெங்கும் எழுத்தில் பேசிக்கொள்ளும் அரட்டைப் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. ஜூன் 17, வெள்ளி, மதியம் ஒன்று நாற்பது. வெங் எழுதியிருக்கிறாள்: அப்பா, ஆன்லைன்ல இருக்கீங்களா! கை சரியாயிடுச்சா? அடுத்தது: ஒரே ஒரு எழுத்து அடிங்கப்பா, போதும். அவர் பக்கத்தில், ஒரே எழுத்து ஒரு வரி முழுக்க. பிறகு அரைப்புள்ளிகளாக ஒரு வரி. பிறகு எண்கள். பிறகு எதுவுமில்லாத வெள்ளை. மறுபடி அந்த ஒரே எழுத்து. ஒன்பது வரிகள்.

அதற்குக் கீழே வெங்: யாரு இது? எங்கப்பா கம்ப்யூட்டர்ல விளையாடாத. கைய எடு. அறிவிருக்கா உனக்கு?

அதோடு முடிந்தது. அன்றைக்குத்தான் கழற்றியிருக்கிறார், இனி யாரும் தன்னை எழுதச் சொல்லக்கூடாது என்று.

பிள்ளைகள் யாரும் தொடவில்லை. அவர்தான் தொட்டார். மகளோடு பேசப் பார்த்தார்.

ஒரே ஒரு ஆறுதல்: கடைசியில் அவள் எழுதியதை அவரால் படித்திருக்க முடியாது. இதை ஆறுதல் என்று எழுதும் நிலைமை எனக்கு வந்ததே கடவுளே.

அணைத்தேன். ஒயரைப் பிடுங்கினேன். அவர் மடித்தபடியே மடித்து அதே கம்பியால் கட்டினேன். மூடியைப் போட்டு நான்கு ஸ்குரூவையும் இறுக்கினேன். அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். "அந்தோய், போர்டு போயிடுச்சு. நான் வெடிக்க வச்சதுல மொத்தமா எரிஞ்சுருச்சு. இனிமே ருஃபினோ இல்ல, யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. என் தப்பு. விட்டுருவோம்."

இடது கையை நீட்டி என் கன்னத்தில் வைத்தார். "அது" என்றார். என் பொய் அவருக்குத் தெரிந்ததா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வெங்கிடமும் அதையேதான் சொன்னேன். புதிது வாங்க அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம், போன் போதும் என்றேன். "போன்ல அப்பா பேசவே மாட்டேங்கிறாரேம்மா" என்றாள். பாசிங் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்று சொல்ல முடியவில்லை. "பிசாசுதான் டீச்சர்" என்றாள். இந்தத் தடவை சிரித்தாள்.

செப்டம்பர் 11, ஞாயிறு

முட்டாள் நான். பள்ளியிலிருந்து எழுத்து அட்டைகளைக் கொண்டுவந்து, ஏதோ வகுப்புக்கு அடுக்குவதுபோல் அவர் முன்னால் பரப்பினேன். அவரா ஏமாறுவார்? ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தரையில் தள்ளினார். நான் குனிந்து பொறுக்கும்போது அவரும் குனிந்து பொறுக்க முயன்றார், விழுந்துவிட்டார்.

படிக்க மறுபடி வருமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

செப்டம்பர் 25, ஞாயிறு

ஆட்களை ஏற்றும் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சும்மா வாய் ஓடியதில் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். பல் டாக்டர், இரண்டாம் மாடி. அரிசி இன்று வந்தது. அறை வாடகைக்கு, பெண்கள் மட்டும். பார்த்தால் அந்தோய் ஒவ்வொரு பலகையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு வருகிறார். முன்னால் போன ஜீப்பின் முதுகில், 'முந்திப் போ தம்பி, சவப்பெட்டிக் கடை அங்கேதான்' என்று எழுதியிருந்தது. படித்தேன். சிரித்துவிட்டார்! ஜனவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு, வாய் ஒரு பக்கம் கோணியபடி.

டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும். இனி எல்லாவற்றையும் சத்தமாகத்தான் படிப்பேன்.

அக்டோபர் 9, ஞாயிறு

ஊருக்கு வந்த ஒருத்தியிடம் வெங் அப்பாவுக்குக் காகிதத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான்கு பக்கம். உறைமேல் 'அப்பா மட்டும் படிக்க' என்று வேறு.

புதுக் கண்ணாடி சரியாகத் தெரிகிறதா பார்க்கவேண்டும், சத்தமாகப் படிக்கிறேன், நீ பாட்டுக்கு இரு என்றேன். கண்ணாடி பழையதுதான். படித்தேன். சின்ன வயதில் அவர் சைக்கிளில் அவளை முன்னால் உட்கார்த்திக் கொண்டுபோனது, அவள் ரேடியோவைப் பிரித்துக் கெடுத்தபோது அவர் அடிக்காமல் அவளோடு உட்கார்ந்து மறுபடி பொருத்தியது. எனக்கே தெரியாததெல்லாம் இருந்தது.

அக்டோபர் 10, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் கடிதத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அவரே. கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 20, ஞாயிறு

வெங்கின் மூன்றாவது கடிதம். இரண்டாம் தடவை படிக்கும்போது எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான் அங்கே வருவதற்குள் சிரித்துவிடுகிறார்.

டிசம்பர் 18, ஞாயிறு

அந்தோய் போய்விட்டார். காலை ஏழு பத்து. மறுபடியும் அதே வியாதி. காபி கலந்து கொண்டுவந்தேன், வாங்கக் கை நீளவில்லை.

டிசம்பர் 20, செவ்வாய்

கூடத்தில் அவரை வைத்திருக்கிறோம். துக்கத்துக்குக் கண்விழிக்க வந்தவர்கள் வாசலில் சீட்டாடுகிறார்கள். சடலம் இருக்கும்போது பெருக்கக்கூடாது என்பதால் தரையெல்லாம் கடலைத்தோல். வெங் நாளைக்கு இறங்குகிறாள்.

காலையில் பாசிங்கைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மூடியைக் கழற்றி, ஒயரைச் சொருகி, ஆன் செய்து, அந்த வெள்ளிக்கிழமையை அழித்தேன். ஒன்பது வரிகளையும். அவர் இந்த உலகத்தில் கடைசியாக எழுதியது அதுதான். அவள் வரியையும் அழித்தேன். அவளுக்கு அது யாரென்று தெரியவே கூடாது.

பிறகு ஒயரைப் பழையபடி கட்டிவைத்தேன். போர்டு எரிந்துபோனது, எரிந்தே இருக்கட்டும்.

டிசம்பர் 29, வியாழன்

வெங் அப்பாவின் படங்கள் உள்ளே இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்று நான் சந்தைக்குப் போன நேரத்தில் ருஃபினோவைக் கூட்டிவந்துவிட்டாள். நான் வரும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் அவர் படம், மீன் பிடித்த நாளில் எடுத்தது.

"ரெண்டு ஒயர்மா." அவள் கத்தவில்லை. "போர்டு எரியவே இல்ல. ரெண்டு ஒயர் கழண்டிருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. ஆறு மாசமா நான் அப்பா முகத்தப் பாக்கல. செத்ததுக்கு அப்புறம்தான் பாத்தேன்."

ருஃபினோ அந்த ரொட்டிக் கம்பியைக் கையில் வைத்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பல் பதிந்த இடத்தை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எலிதான் வெங். எலி இழுத்திருக்கும்" என்றார்.

"எலின்னே இருக்கட்டும். தெருமுனையில இருக்கற உங்களைக் கூப்பிட அம்மாவுக்கு மனசு வரலையே."

நான் மீனை நறுக்கப் போனேன். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் என்மேல் உள்ள கோபம் போகும். அந்த வெள்ளிக்கிழமை அவள் தலையில் விழும், சாகிறவரை. கோபம் என்மேலேயே இருக்கட்டும். எனக்கு வயதாகிவிட்டது, தாங்குவேன்.

ஜனவரி 3, 2012, செவ்வாய்

வெங் போய்விட்டாள். விமான நிலையத்தில் முத்தத்துக்குக் கன்னத்தைக் கொடுத்தாள், கண்ணைக் கொடுக்கவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

நாற்பதாம் நாள் ஜெபம் வெள்ளிக்கிழமை முடிந்தது. வெங் போன் செய்யவில்லை. ஜீப்பில் கடைப் பலகைகளை என்னை அறியாமல் படித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எதிரே இருந்த பெண் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. வெங். அங்கே குளிர் என்றாள். பிறகு கேட்டாள்.

"மா, நான் எழுதினதெல்லாம் அப்பா படிச்சாரா? நிஜமா சொல்லு."

"படிச்சார்" என்றேன். "ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை. சைக்கிள் வர்ற இடத்துல சிரிச்சார்."

அவள் அழுவது கேட்டது. அழுது முடியட்டும் என்று இருந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். கருவாடும் சோறும் என்றேன். வெறும் கருவாடு உடம்புக்கு ஆகாது, கீரை வாங்கிச் சமை என்று திட்டினாள். சரி என்றேன்.